கரை சேராத படைக்கலங்கள்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களுக்கும் கடல்வழி ஏறிச் சென்ற பொருள்களுக்கும் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை எடுத்துரைக்கின்றது. எல்லையைக் கடக்கும் பொருள் இன்னதென்பதை அரசு அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விதி அத்துணைப் பழமை வாய்ந்தது. அவ்விதியை ஏய்த்துப் பொன்னையும் பட்டையும் ஒளித்துக் கடத்தியவர்கள் தம் நலம் ஒன்றையே கருதினர். தம் நாட்டின் விடுதலையைக் கருதிப் படைக்கலங்களை ஒளித்துக் கடத்த முயன்றோரின் வரலாறோ வேறு வகையானது. சட்டத்தின் முன் அவர்கள் குற்றவாளிகள். தம் மக்களின் முன் அவர்கள் தியாகிகள். முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி லார்சன், மேவரிக் என்னும் இரு கப்பல்கள் மேற்கொண்ட பயணம் இத்தகைய வரலாற்றுக்குத் தக்கதொரு சான்றாகும்.

படைக்கலம் பறிக்கப்பட்ட நாடு

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியைக் கண்டு அஞ்சிய ஆங்கில ஆட்சி, இந்தியரின் கையில் படைக்கலம் இருத்தலாகாது என்று கருதியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், 1878ஆம் ஆண்டில், படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெறாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் கொண்டு செல்வதும் இந்தியருக்குக் குற்றமாயின. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே மண்ணில் வாழ்ந்தோருக்கு இருவேறு நீதி வகுத்த இச்சட்டம், கற்றோர் உள்ளத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கிற்று. அறப்போரில் நம்பிக்கை இழந்த இளைஞர்கள், படைக்கலம் வேண்டுமாயின் கடலுக்கு அப்பாலிருந்தே அது வர வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தனர்.

1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கதர் கட்சி தோன்றியது. சான் பிரான்சிஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இக்கட்சியில், அங்கு உழைத்து வாழ்ந்த பஞ்சாபியரே பெரும்பான்மையினர். சோகன் சிங் பக்னா தலைவராகவும் ஹர்தயாள் அறிவு வழிகாட்டியாகவும் விளங்கினர். 1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டதும், இங்கிலாந்தின் பகையான செருமனி இவர்களுக்குத் துணைவனாகத் தோன்றிற்று. பெர்லினில் அமைந்த இந்தியக் குழுவில், திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளையும் ஓர் உறுப்பினராக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

போரின் அலை தென்கிழக்காசியக் கரைகளையும் தொட்டது. செருமானியப் போர்க்கப்பலான எம்டன், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து உருசியப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. 1915 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் கூறப்படினும், கதர் கட்சியினரின் பரப்புரையும் அவற்றுள் ஒன்றாகும். அதன் பின்னர் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சுங்கச் சாவடியிலிருந்து மறைந்த பத்துப் பெட்டிகள்

வங்காளத்தில் ஜதீந்திரநாத் முகர்ஜி என்பார் புரட்சிக் குழுக்களை ஒன்றிணைத்து வந்தார். சிறு கத்தி ஒன்றைக் கொண்டே புலியைக் கொன்றவர் என்பதனால் மக்கள் இவரைப் ‘பாகா ஜதின்’, அதாவது ‘புலி ஜதின்’, என்று அழைத்தனர். அவருடைய தோழர்களுக்குக் கிடைத்த முதற் பெரும் படைக்கலத் தொகுதி கல்கத்தாச் சுங்கச் சாவடியிலிருந்தே வந்தது.

1914 ஆகஸ்ட் 26ஆம் நாள், ராடா என்னும் துப்பாக்கி வணிக நிறுவனத்தின் பணியாளர் ஒருவர், நிறுவனத்திற்கு வந்திருந்த 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து முறைப்படி விடுவித்தார். நிறுவனத்தின் கிடங்கை வந்தடைந்தவை 192 பெட்டிகள் மட்டுமே. எஞ்சிய 10 பெட்டிகளோடு அப்பணியாளரும் மறைந்துவிட்டார். அப்பெட்டிகளில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை விரைவில் வங்காளப் புரட்சிக் குழுக்களிடையே பங்கிடப்பட்டன. ஆயினும் 50 கைத்துப்பாக்கிகளைக் கொண்டு ஒரு பேரரசை எதிர்த்தல் இயலாது. பெருந்தொகையான படைக்கலங்களுக்காக அவர்கள் கடலை நோக்கிக் காத்திருந்தனர்.

சந்திக்காத இரு கப்பல்கள்

அப்படைக்கலங்கள் அமெரிக்காவில் ஆயத்தமாகிக் கொண்டிருந்தன. வாஷிங்டனில் செருமானியத் தூதரகத்தின் படைத்துறை அலுவலராக இருந்த பிரான்ஸ் வான் பாப்பனின் ஏற்பாட்டால், குருப் நிறுவனத்தின் முகவரான ஹான்ஸ் டவுஷர் அவற்றை விலைக்கு வாங்கினார். 8,080 ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள், அவ்வகையைச் சேர்ந்த 2,400 குறுந்துப்பாக்கிகள், 410 ஹாட்ச்கிஸ் துப்பாக்கிகள், 500 கோல்ட் சுழல் துப்பாக்கிகள், 250 மவுசர் கைத்துப்பாக்கிகள், 40 இலட்சம் தோட்டாக்கள் ஆகியன அதில் அடங்கும். ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள் பெரும்பாலும் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திக் கழித்த பழையவை.

அந்நாளில் அமெரிக்கா நடுநிலை நாடு. அங்குத் துப்பாக்கி வாங்குவது குற்றமன்று. இங்கிலாந்தும் பிரான்சும் அங்கேயே வாங்கிக் குவித்தன. ஆனால், நடுநிலை மண்ணிலிருந்து அதன் நட்பு நாடு ஒன்றின்மீது படையெடுப்பைத் தொடங்குதல் அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகும். எனவே, சரக்கு செல்லுமிடத்தை மறைக்க வேண்டியதாயிற்று. மெக்சிகோவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. படைக்கலங்கள் மெக்சிகோவின் டாப்போலோபாம்போ துறைமுகத்திற்குச் செல்வதாகப் பயணத் தாள்கள் எழுதப்பட்டன. 1915 மார்ச் 8ஆம் நாள், அன்னி லார்சன் என்னும் பாய்மரக் கப்பல் அவற்றை ஏற்றிக்கொண்டு சான் டியேகோவிலிருந்து புறப்பட்டது.

உண்மைத் திட்டம் வேறு. மெக்சிகோவுக்கு மேற்கே ஆளில்லாத சொக்கோரோ தீவில், மேவரிக் என்னும் பழைய எண்ணெய்க் கப்பல் வந்து சரக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். துப்பாக்கிகளை எண்ணெய்த் தொட்டியில் இட்டு, அதன்மேல் எண்ணெயை நிரப்பி மறைத்துவிடலாம்; இடர் நேருமாயின் கப்பலையே மூழ்கடித்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தனர்.

ஆனால், மேவரிக்கை ஆயத்தம் செய்வதிலேயே நாள்கள் கழிந்தன. அன்னி லார்சன் ஒரு மாத காலம் அத்தீவில் காத்துக் கிடந்தது. அவ்விடத்தில் கப்பலிலிருந்த குடிநீர் தீர்ந்துகொண்டே வந்தது. வேறு வழியின்றி ஏப்ரல் 17ஆம் நாள் அது நீரைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. ஏப்ரல் 22ஆம் நாள் அளவில்தான் மேவரிக் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவை விட்டுப் புறப்பட்டது. அதில் அலுவலரும் மாலுமிகளுமாக 25 பேர் இருந்தனர். அவர்களோடு, பாரசீகர் என்று பெயரெழுதிப் பணியாளர்களாகச் சேர்ந்த ஐவரும் இருந்தனர். அவ்வைவரும் இந்தியரே. அவர்களின் தலைவரான ஹரி சிங் என்பார் கதர் கட்சியின் வெளியீடுகளையும் உடன் கொண்டு சென்றார்.

மேவரிக் தீவை அடைந்தபோது அங்கே அன்னி லார்சன் இல்லை. பல நாள் காத்திருந்தும் பயனில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பலின் வீரர்கள் ஏறிச் சோதனையிட்டபோது ஒரு தோட்டாவும் அகப்படவில்லை. அதற்கு முன்னரே ஹரி சிங் தம் வெளியீடுகளை எரித்துச் சாம்பலாக்கியிருந்தார். வெறுங்கப்பலாக மேவரிக் ஹவாய் வழியே சென்று, ஜூலையில் சாவகத்தை அடைந்தது.

அன்னி லார்சன் மீண்டும் சொக்கோரோவை அடைய முயன்றும் காற்றும் கடலும் இடங்கொடுக்கவில்லை. இறுதியில் அது வடக்கு நோக்கிச் சென்று, ஜூன் 29ஆம் நாள், வாஷிங்டன் மாநிலத்தின் ஹோக்கியம் துறைமுகத்தில் ஒதுங்கியது. மெக்சிகோவுக்கென்று தாள்களில் எழுதப்பட்ட சரக்கு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் கடலில் அலைந்தபின் அமெரிக்கக் கரைக்கே திரும்பி வந்ததைச் சுங்க அதிகாரிகள் கண்டனர். கப்பலும் சரக்கும் கைப்பற்றப்பட்டன. செருமானியத் தூதர் அச்சரக்கு தம் நாட்டவருடையது என உரிமை கோரியும் அமெரிக்க அரசு இணங்கவில்லை.

விளக்கேந்திக் காத்திருந்தோர்

கடலின் மறுகரையில் இவற்றையெல்லாம் அறியாமல் சிலர் காத்திருந்தனர். 1915 ஏப்ரலில் நரேந்திரநாத் பட்டாச்சார்யா என்னும் இளைஞர், சி. ஏ. மார்ட்டின் என்னும் பொய்ப்பெயரோடு பத்தாவியாவிற்குச் சென்று செருமானியரைச் சந்தித்தார். பிற்காலத்தில் எம். என். ராய் என உலகம் அறிந்தவர் இவரே. சரக்கைச் சுந்தரவனக் காடுகளை ஒட்டிய ராய்மங்கலில் இறக்குவதென அவர் ஏற்பாடு செய்தார். கல்கத்தாவில் ‘ஹாரி அண்ட் சன்ஸ்’ என்னும் பெயரில் இயங்கிய போலி வணிக நிறுவனத்தின் வழியே செருமானியப் பணம் வந்தது. 43,000 ரூபாய் அனுப்பப்பட்டது. காவல் துறையினர் கண்டுபிடிக்கும் முன்னர் 33,000 ரூபாய் கைக்கு வந்து சேர்ந்தது.

மேவரிக்கில் 30,000 துப்பாக்கிகள் வருகின்றன என்று வங்காளத்தார் நம்பினர். அன்னி லார்சனில் இருந்த நெடுந்துப்பாக்கிகளோ 11,000க்கும் குறைவானவை. வரிசையாகத் தொங்கும் விளக்குகளை அடையாளமாகக் கொண்டு கப்பலை அறியலாம் எனக் கூறப்பட்டிருந்தது. ஜூன் மாத இறுதியில் ஒரு குழுவினர் ராய்மங்கலுக்கு அருகில் சென்று பத்து நாள்கள் வரை கடலை நோக்கிக் காத்திருந்தனர். ஒரு விளக்கும் தோன்றவில்லை. அவர்கள் எதிர்நோக்கிய துப்பாக்கிகள், அந்நாள்களில்தான் உலகின் மறுபுறத்தில் சுங்கத்தாரின் காவலுக்குள் சென்றுகொண்டிருந்தன.

ஆகஸ்ட் 7ஆம் நாள் ஹாரி அண்ட் சன்ஸ் சோதனையிடப்பட்டது. அங்குக் கிடைத்த தடயங்கள் ஒரிசாவின் பாலசோருக்கு வழிகாட்டின. செப்டம்பர் 9ஆம் நாள், புடிபாலம் ஆற்றை அடுத்த மேட்டுநிலத்தில், ஜதினும் அவருடைய தோழர் நால்வரும் பெருங்காவற்படையை எதிர்த்து நின்றனர். அவர்கள் கையில் இருந்தவை மவுசர் கைத்துப்பாக்கிகள் மட்டுமே. சித்தப்பிரியர் அங்கேயே உயிர் துறந்தார். படுகாயமுற்ற ஜதின் மறுநாள் மருத்துவமனையில் மாண்டார். மனோரஞ்சனும் நீரேந்திரரும் தூக்கிலிடப்பட்டனர். ஜோதிஷ் பால் சிறைக்குச் சென்றார்.

வழக்கு மன்றத்தில் ஒரு துப்பாக்கி

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் பழைய கோப்புகள் தூசி தட்டப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பர் 20ஆம் நாள் தொடங்கிய வழக்கு, 1918 ஏப்ரல் 24ஆம் நாள் முடிவுற்றது. செருமானியத் தூதரக அலுவலரும் அமெரிக்கரும் இந்தியரும் ஒருங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். 29 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

அதனினும் துயரமானது வழக்கின் முடிவில் நிகழ்ந்தது. கதர் கட்சியின் தலைவராயிருந்த ராம் சந்திராவை, உடன் குற்றம் சாட்டப்பட்டிருந்த ராம் சிங் மன்றத்திற்குள்ளேயே சுட்டுக் கொன்றார். மன்றக் காவலர் ராம் சிங்கைச் சுட்டு வீழ்த்தினார். நிதியைக் கையாண்டதிலும் தலைமை நடத்தியதிலும் எழுந்த ஐயமே இதற்குக் காரணம் எனலாம். பல்லாயிரம் துப்பாக்கிகளைக் கடல் கடத்த முயன்ற இயக்கத்தார், இறுதியில் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் காவலரின் கண்ணுக்குத் தப்பிக் கொண்டு வர முடிந்தது. அதுவும் தம்மவர் மீதே திரும்பியது.

வரலாறு கூறுவது

இம்முயற்சி தோற்றதற்கு ஒற்றர்களின் திறமையை மட்டும் காரணம் கூறுவர் சிலர். ஒற்றர்கள் திறமையாளர்களே. ஆயினும், அன்னி லார்சனைத் தீவிலிருந்து விரட்டியது குடிநீர்ப் பஞ்சம். மேவரிக்கைத் தாமதிக்கச் செய்தது ஒழுங்கின்மை. துணை நின்ற செருமனிக்கு இந்திய விடுதலையைவிட இங்கிலாந்தின் இடர்ப்பாடே முதன்மையாக இருந்தது. தந்த துப்பாக்கிகள் பழையனவாயிருந்தமையே அதற்குச் சான்று. பிறர் பகையைத் தன் வலிமையாக எண்ணும் இயக்கம் எங்கே இடறும் என்பதை இவ்விரு கப்பல்களும் காட்டுகின்றன.

எனினும், ராய்மங்கலின் சேற்றுக் கரையில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நினையாமல் இவ்வரலாற்றை முடித்தல் இயலாது. பயணத் தாள்களில் எழுதப்பட்டவை பொய்யாக இருக்கலாம். அவர்களுடைய காத்திருப்பு பொய்யன்று. படைக்கலங்கள் கரை சேரவில்லை. அவர்கள் வேண்டிய விடுதலையோ, அவர்கள் எண்ணிப் பாராத வேறொரு வழியில், 32 ஆண்டுகள் கழித்து 1947இல் கரை சேர்ந்தது.