நம்மைச் சுற்றி வருபவை: வீட்டுப் பூனையும் இஸ்லாமிய வரலாறும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பாடம் நடத்திவந்த மத்ரஸாவின் சமையற்கூடத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று புழங்கிவந்தது. மாணவர்களுக்கென வாங்கிவைத்த மீனை இரண்டு முறை இழுத்துச் சென்றது. மூன்றாம் முறை, பொரித்து வைத்திருந்த தட்டையே கவிழ்த்துவிட்டது. சமையற்காரர் என்னிடம் வந்து முறையிட்டார். நம் ஊர்களில் வழக்கமாகச் செய்வதையே நானும் சொன்னேன்: சாக்கில் போட்டுக் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுங்கள். அவ்வாறே செய்யப்பட்டது.

மறுநாள் மாலை, விறகுக் கொட்டகையின் பின்புறத்திலிருந்து கண் திறவாத மூன்று குட்டிகளை ஒரு சிறு மாணவன் தன் தொப்பியில் ஏந்தி வந்தான். ஒன்று முன்பே இறந்திருந்தது. "உஸ்தாத், இதுங்களோட உம்மா எங்கே?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

பூனையை வீட்டில் ஒழுங்காக நடக்கப் பழக்குவது எப்படி என்று பலரும் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு நம் மார்க்க வரலாற்றில் தெளிவான விடை உண்டு. அன்றைய தினத்திற்குப் பிறகுதான் அதைக் கவனமாகப் படித்தேன்.

கப்ஷா அம்மையார் கண்ட காட்சி

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகளார் கப்ஷா, நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களின் மகனை மணந்தவர். ஒருநாள் மாமனார் உளூச் செய்வதற்காக அவர் பாத்திரத்தில் நீர் ஊற்றிவைத்தார். அங்கு வந்த ஒரு பூனை அந்நீரில் வாய் வைத்தது. அபூகதாதா அதை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மருமகள் திகைத்துப் பார்ப்பதைக் கண்டு, சகோதரனின் மகளே என அழைத்து, இது உனக்கு வியப்பாக உள்ளதா எனக் கேட்டார். பின்னர், பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றி வருவோரில் உள்ளது என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களிலும் இது பதிவாகியுள்ளது.

இங்கு 'சுற்றி வருவோர்' என்பதற்கு நபியவர்கள் ஆண்ட சொல் 'தவ்வாஃபீன்'. கஅபாவைச் சுற்றி வருவதைக் குறிக்கும் 'தவாஃப்' என்னும் சொல்லின் வேரே இதற்கும் வேர். இதே வேரிலிருந்து பிறந்த சொல் திருக்குர்ஆனின் 24:58ஆம் வசனத்திலும் வருகிறது. பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும் ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்று கற்பிக்கும் வசனம் அது. மற்ற நேரங்களில் அவர்கள் தடையின்றி வரலாம். ஏனெனில் அவர்கள் உங்களிடையே சுற்றி வருபவர்கள் எனக் காரணமும் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை ஹதீஸ் விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

அவ்வசனம் பிள்ளைகளிடம் முழு ஒழுக்கத்தை ஒரே நாளில் எதிர்பார்க்கவில்லை. மூன்று நேரங்களை மட்டும் வரையறுக்கிறது. பருவமடைந்த பின்னரே எல்லா நேரங்களிலும் அனுமதி கேட்க வேண்டும் என்று அதற்கு அடுத்த வசனம் சொல்கிறது. வீட்டில் சுற்றி வரும் உயிருக்கு எல்லை உண்டு. அந்த எல்லை அதன் இயல்பை அறிந்து வகுக்கப்படுகிறது. பூனைக்கும் அதே பெயரைச் சூட்டிய மார்க்கம், அதனிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதையும் அப்பெயரிலேயே உணர்த்திவிட்டது.

ஹரீஸாவும் மரக்கிளையும்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டு நிகழ்ச்சியொன்றை அபூதாவூத் நூலில் காண்கிறோம். ஒரு பெண்மணி ஹரீஸா எனும் உணவை அன்னையாருக்குக் கொண்டுவந்தார். கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழையக் காய்ச்சுவது அது. அன்னையார் தொழுகையில் இருந்தமையால், கீழே வைக்குமாறு சைகை காட்டினார்கள். அதற்குள் பூனை வந்து சிறிது தின்றுவிட்டது. தொழுகை முடிந்ததும் பூனை தின்ற இடத்திலிருந்தே அன்னையார் உண்டார்கள். பூனை குடித்து மீந்த நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ததைத் தாம் கண்டதாகவும் கூறினார்கள். திறந்து கிடந்த உணவைப் பூனை தின்றதை அந்த வீட்டில் எவரும் குற்றமாக எண்ணவில்லை.

அபூஹுரைரா (ரலி) அவர்களை அறியாதவர் இல்லை. யமன் நாட்டின் தவ்ஸ் குலத்தவரான அவர்கள் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபர் போர்க் காலத்தில் நபியவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படும் அப்பெயர் வந்த விதத்தை அவர்களே விவரித்ததைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். குடும்பத்தின் ஆடுகளை மேய்த்துவந்த நாளில் அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைப்பார்கள். பகலில் தம்முடன் எடுத்துச் சென்று விளையாடுவார்கள். ஓர் ஏழை இடையரிடம் வளர்ந்த குட்டிக்கும் உறங்க ஓர் இடமும் விளையாட ஒரு நேரமும் இருந்தன. இன்று வசதி மிக்க வீடுகளில் வளரும் பல பூனைகளுக்கு இவ்விரண்டும் இல்லை.

சட்டைக் கையில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபியவர்கள் கையைக் கத்தரித்ததாக ஒரு கதை பரவலாகப் பேசப்படுகிறது. நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு ஆதாரம் இல்லை. ஹிஜ்ரி 578இல் மறைந்த ஷைகு அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில்தான் இத்தகைய நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தொழுது திரும்பிய பின், பூனை எழுந்து போய்விட்டதால், கத்தரித்த துணியை மீண்டும் தைத்துக்கொண்டார்களாம். நபியவர்களின் பெயரால் ஆதாரமற்றதைச் சொல்லாதிருப்பதும் நம் கடமையே.

கட்டிவைத்தவளும் காழி மன்றமும்

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நான் அதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது, தாய்ப் பறவை தவித்துச் சிறகடிப்பதைக் கண்ட நபியவர்கள், இதன் குஞ்சுகளால் இதை வருத்தியவர் யார் எனக் கேட்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னதையும் நடத்தியிருக்கிறேன். ஆயினும் சாக்கைக் கட்டச் சொன்ன நேரத்தில் இரண்டும் என் நினைவுக்கு வரவில்லை.

பிற்காலத்தில் இந்தப் போதனைகள் சட்டமாகவும் வக்ஃபாகவும் உருப்பெற்றன. கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார்கள். முதுமையாலும் நோயாலும் பயனற்றுப்போன விலங்குக்கும் தீனியளிப்பது அவற்றுள் ஒன்று. அதே காலத்தில், 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவின் வடபுறத்தில் தாம் கட்டிய பள்ளிவாசலருகே இருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்காக எழுதிவைத்தார் எனக் கூறப்படுகிறது. இதை எழுதியவர், கெய்ரோவில் தங்கி 1836இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் எட்வர்ட் லேன். அவர் காலத்தில் தோட்டம் கைமாறிப் போயிருந்தது. எனினும் காழியின் மன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு உணவு வைக்கப்பட்டது. தொல்லை தரும் பூனைகளை மக்கள் அந்த முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அவர்களும் பூனையை வீட்டைவிட்டு அகற்றினார்கள். ஆனால் உணவு கிடைக்கும் இடத்தில் விட்டார்கள். நாமோ ஆற்றுக்கு அக்கரையில் விடுகிறோம்.

பொறுப்பு யாருடையது?

பூனை எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாஃபிஈ மத்ஹபின் முக்கியமான சட்ட நூல். பிறருடைய பறவையையோ உணவையோ பாழாக்கும் வழக்கம் ஒரு பூனைக்கு உண்டெனத் தெரிந்திருந்தால், இரவாயினும் பகலாயினும் இழப்பை அதன் உரிமையாளரே ஈடுசெய்ய வேண்டும். அத்தகைய வழக்கம் இல்லாதிருந்தால் ஈடு இல்லை என்பதே வலுவான கருத்து என்று அதில் காண்கிறோம். அண்டை வீட்டாரின் கோழிக்குஞ்சைத் தூக்கும் பூனையை அறிந்தும் பேசாமலிருப்பவர் கடனாளி ஆகிறார். சட்டம் பூனையிடம் கணக்குக் கேட்கவில்லை. அதன் பழக்கத்தை அறிந்த மனிதரிடம் கேட்கிறது. ஆகவே பூனையைப் பழக்குவது முதலில் நம்மைப் பழக்கிக்கொள்வதே.

இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறும், கதவுகளைத் தாழிடுமாறும், விளக்கை அணைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்து வீட்டாரைத் தீக்கு இரையாக்கிவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். திருத்த முடியாத உயிரிடம் கோபப்படுவதைவிட, திருத்தக்கூடிய நம் வழக்கத்தை மாற்றுவதே வழி என்பதற்கு இதுவே சான்று. மீனை மூடிவைத்திருந்தால், எங்கள் மத்ரஸாவில் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

இதன் அடிப்படையில் நடைமுறைக்குச் சில:

பூனைக்குத் தினமும் ஒரே நேரத்தில் உணவளியுங்கள். பசியில்லாத பூனை சமையற்கூடத்தைச் சுற்றுவது குறையும். மணல் நிரப்பிய தட்டொன்றை ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்து, நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். கழிவை மணலால் மூடுவது பூனையின் இயல்பு. தட்டு அழுக்காயிருந்தால்தான் அது பாயையும் தொழுகை விரிப்பையும் நாடும். நகத்தால் கீறுவது குறும்பன்று. பழைய நக உறையைக் கழற்றவும் தன் இடத்தை அடையாளமிடவும் அது கீறியாக வேண்டும். தேங்காய் நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டையை நட்டுவைத்து, அதில் கீறும்போது ஒரு துண்டு மீன் கொடுங்கள்.

அடிக்காதீர்கள். செய்து வெகுநேரம் கழித்துத் தண்டித்தால் எதற்காக என்று பூனைக்கு விளங்காது. அடித்த கையை அஞ்சுவதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். முகத்தில் அடிப்பதையும் சூடிடுவதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். செய்யக்கூடாததைச் செய்தால், தூக்கி அதற்குரிய இடத்தில் விடுங்கள். நல்லதைச் செய்த அந்த நொடியே பரிசளியுங்கள். வளர்க்க இயலாத நிலை வந்தால், உணவும் பாதுகாப்பும் தரக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். குட்டி ஈன்ற பூனையாயின் குட்டிகள் தாமாக உண்ணும்வரை பிரிக்காதீர்கள்.

அன்று மாலையே சமையற்காரரும் நானும் அக்கரைக்குச் சென்று தேடினோம். மறுநாளும் தேடினோம். தாய்ப் பூனை அகப்படவில்லை. கால்நடை மருத்துவர் சொன்னபடி மாணவர்கள் முறைவைத்துப் பாலூட்டினார்கள். இரண்டில் ஒன்று பிழைத்தது. தொப்பியில் ஏந்தி வந்த மாணவனே அதற்குத் தட்டு வைத்தான். கயிறு சுற்றிய கட்டையையும் நட்டான். சமையற்கூடத்தில் எல்லாப் பாத்திரங்களுக்கும் மூடி வந்தது. அதன் பிறகு மீன் களவு போனதாக எவரும் என்னிடம் முறையிட்டதில்லை.

சிலநேரம் நான் உளூச் செய்ய அமரும்போது அந்தப் பூனை வந்து வாளியின் விளிம்பில் கால் வைக்கும். கப்ஷா அம்மையாரின் மாமனாரை நினைத்துக்கொண்டு, வாளியைச் சற்றுச் சாய்ப்பேன்.

நம் வீடுகளைச் சுற்றி வரும் வாயற்ற உயிர்கள் விஷயத்தில் நாம் செய்த தவறுகளை அல்லாஹ் மன்னிப்பானாக! அவற்றின் உரிமையை அறிந்து நடக்க நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.