ஜிராட் எழுதிவைத்த உயில்

வக்பு சொத்துகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பிறசமயத்தவரின் உயில் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ஸ்டீபன் ஜிராட் என்ற கப்பல் வியாபாரியின் உயில் அது.

1750 இல் பிரான்ஸின் போர்தோவில் பிறந்தவர். ஒரு கண் பார்வையில்லை. சிறுவயதிலேயே கப்பலேறி, 1776 இல் பிலடெல்பியாவில் கரையிறங்கி, அதையே சொந்த ஊராக்கிக்கொண்டார். பெரும் செல்வந்தரான பின்னும் பழைய குதிரை வண்டியும் எளிய உடுப்பும்தான். ஊரார் அவரைக் கஞ்சன் என்றார்கள். ஆனால் 1793 இல் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 5,000 பேர் மடிந்தபோது, வசதியுள்ளவர்கள் நகரைவிட்டு ஓட, இவர் புஷ் ஹில் வைத்தியசாலையைப் பொறுப்பேற்று, நோயாளிகளைத் தன் கையாலேயே தூக்கிப் பராமரித்தார். பணம் கொடுப்பதைவிட இது பெரிய தர்மம் என்பேன்.

1831 இல் காலமானார். வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. 6 மில்லியன் டொலருக்கும் அதிகமான சொத்தில் பெரும்பகுதி நகரத்துக்கே போனது. ஆற்றங்கரை வீதியைச் சீர்செய்ய 5 இலட்சம் டொலர். அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பாடசாலைக்குக் கட்டடச் செலவு மட்டும் 2 மில்லியன். உறவினர்கள் வழக்காடினார்கள். பாடசாலைக்குள் எந்த மதகுருவும் காலடி வைக்கக்கூடாது என்று அவர் எழுதியிருந்ததையும் வாதமாக்கினார்கள். 1844 இல் உயர் நீதிமன்றம் உயில் செல்லும் என்றது. 1848 இல் ஜிராட் கல்லூரி திறக்கப்பட்டது.

அநாதை யார் என்பதிலும் தகராறு வந்தது. தாய் உயிரோடிருந்தாலும் தந்தையை இழந்த பிள்ளை அநாதையே என்று நீதிமன்றம் விளங்கிக்கொண்டது. நமது மார்க்கத்தில் யதீம் என்பதற்கும் இதே பொருள்தானே!

ஆனால் உயிலில் இன்னொரு சொல்லும் இருந்தது: 'வெள்ளையின' அநாதைகள். அவர் காலத்தில் அது யாருக்கும் உறுத்தியிருக்காது; அவரே அடிமைகளை வைத்திருந்தவர். காலப்போக்கில் கல்லூரியைச் சூழக் கறுப்பின மக்களே குடியேறினார்கள். பத்தடி மதிலுக்கு வெளியே நின்ற தந்தையற்ற பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. கல்லூரியை நிர்வகித்த சபை அரசின் ஓர் அங்கம், அது இப்படிப் பாகுபாடு காட்டமுடியாது என்று 1957 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே அந்தச் சபையினரை அகற்றிவிட்டுத் தனியார் நம்பிக்கையாளர்களை நியமித்தார்கள். மரணித்தவரின் சொல்லைக் காப்பதாகச் சொல்லிச் செய்த இந்தத் தந்திரம்தான் முழுக் கதையிலும் எனக்கு மிகவும் கசப்பான இடம்.

1965 இல் மதிலைச் சுற்றி ஏழு மாதங்களுக்கு மேல் ஆர்ப்பாட்டம் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் வந்து பேசினார். 1968 இல் வழக்கு முடிந்து, அதே வருடம் நான்கு கறுப்பினச் சிறுவர்கள் உள்ளே போனார்கள். 1984 இல் பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

நம்மூர்த் தனவந்தர்களும் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் காணி எழுதிவைக்கிறார்கள். வாகிபின் நிபந்தனையை மதிக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே, உறுதி எழுதும் நாளில் நொத்தாரிஸிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வசனத்தால் ஐம்பது வருடத்துக்குப் பிறகு வெளியே நிற்கப்போகும் பிள்ளை யார்?