கடற்காலமும் கரைக்காலமும்

காலத்தை அளந்தறியும் கலை தமிழர்க்குப் புதியதன்று. நீர்க்கன்னலைக் கொண்டு நாழிகை கூறுவோரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்நாளில் அவ்வவ்வூர்க் கதிரவனே அவ்வவ்வூர்க்குக் கடிகாரம். இருப்புப்பாதையும் தந்தியும் வந்த பின்னரே பல ஊர்களுக்கும் பொதுவானதொரு நேரம் வேண்டப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்பொதுநேரம் பன்முறை மாறியது. அதனை அறியாதார் பழைய குறிப்புகளைப் பிழைபடப் படிக்க நேரும்.

முதற்கண் கடலை நோக்குவோம். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. ஆதலின், கிரீனிச் நேரத்தையும் கப்பல் நிற்குமிடத்து உச்சிப்பொழுதையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை புலப்படும். கடிகாரம் 4 நிமிடம் பிழைத்தால் ஒரு பாகை தவறும். நிலநடுக்கோட்டருகே அது 60 கடல்மைல். இதனாலேயே மாலுமிகள் கிரீனிச் நேரம் காட்டும் காலமானியைக் கண்போற் காத்தனர்.

கம்பியில்லாத் தந்தி வந்தபின் அதன் அறையிலும் கிரீனிச் நேரமே ஆண்டது. ஒவ்வொரு மணியிலும் 15-ஆம் நிமிடத்திலும் 45-ஆம் நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடம், ஆபத்து அலைவரிசையில் எல்லாக் கப்பல்களும் வாய்மூடிச் செவிகொடுத்தன. மூழ்கும் கப்பலின் மெல்லிய குரலும் கேட்க வேண்டுமன்றோ? கப்பல்களின் கடிகாரங்கள் ஒத்திராவிடில் இம்மௌனம் பயனற்றுப் போயிருக்கும்.

இனிக் கரைக்கு வருவோம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானருகே புக்கிட் கூடா வரை இரயில் ஓடியது. 1901-இல் சிங்கப்பூரின் சராசரி நேரமே இத்தீபகற்பத்தின் பொதுநேரமாயிற்று. 1905 ஜூன் முதல் நாள் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரம் வந்தது. மாலையிற் பகலொளி கூடுதலாகக் கிட்டுதற்பொருட்டு, 1933-இல் 20 நிமிடம் கூட்டினர்; ஒரு நாழிகைக்கும் குறைவான மாற்றம் இது! 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூடிற்று. 1942-இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தவே, கடிகாரம் ஒன்றரை மணி முன்னே பாய்ந்தது. 1945 செப்டம்பரில் பழைய ஏழரை மணிக் கணக்கு மீண்டது. இறுதியாக, சபா சரவாக்குடன் ஒரே நேரம் அமைய, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவாகக் கொண்டனர். அன்று தொட்டு நம் நேரம் கிரீனிச்சுக்கு 8 மணி முந்தியது.

ஆணைக்குக் கடிகாரம் பணிந்தது, கதிரவன் பணியவில்லை. கோலாலம்பூரில் இன்று உச்சிப்பொழுது சராசரியாகப் பிற்பகல் 1 மணி 13 நிமிடத்தில் வருகின்றது. ஏறத்தாழ மூன்று நாழிகை வேறுபாடு! இரப்பர்ப் பால் காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும். எனவே கடிகாரம் எதைக் காட்டினும் தோட்டத் தொழிலாளி வெயிலேறுமுன் மரத்தடியில் நின்றாக வேண்டும். பள்ளிக்குப் புறப்படும் சிறார் பலர் இன்றும் இருளிலேயே வீட்டைவிட்டு இறங்குகின்றனர்.

இவற்றால் யாது பயன் எனின், ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கிள்ளானில் ஒரே மாதத்து ஒரே தேதியில், ஆண்டு மட்டும் வேறாக, கதிரவன் ஒரே நிலையில் நிற்கும் காலைப்பொழுதைக் கருதுக. அப்பொழுது 1930-இல் கடிகாரம் காட்டியது 6.30, 1940-இல் 6.50, 1944-இல் 8.30; 1950-இல் 7.00; 1985-இல் 7.30. ஒரே விடியலுக்கு ஐந்து பெயர்கள்! பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூதாட்டியின் பிறப்புக் குறிப்பைக் கொண்டு சாதகம் கணிப்பவர் ஆண்டை நோக்காது இன்றைய கணக்கைக் கொண்டால் இலக்கினமே மாறிவிடக்கூடும். இந்தியப் பஞ்சாங்கத்தோடு இன்று இரண்டரை மணி கூட்டுகின்றோம். 'ரஜூலா' கப்பலில் மக்கள் வந்திறங்கிய 1950-களில் கூட்ட வேண்டியது இரண்டு மணியே.

சாதகத்தில் நம்பிக்கையற்றோர்க்கும் இது வேண்டும். ஜப்பானியர் காலத்தில் காலை ஆறு மணிக்கே வேலைக்கு எழுப்பினர் என ஒரு முதியவர் கூறின், அது முன்னைய நான்கரை மணி என உணர்ந்தால்தான் அத்துயரின் அளவு விளங்கும். ஆகவே, முதியோர் நினைவுகளைத் திரட்டும் ஆசிரியர்களும் மாணவர்களும் மணியை எழுதுங்கால் ஆண்டையும் உடனெழுதுக. கப்பலின் வானொலி அறை மாறாத ஒரு நேரத்தைப் போற்றியது உயிர்காக்க. நாம் ஆண்டோடு மணியைப் பொறிப்பது வரலாறு காக்க.