சராசரி

பாரசீகத்தில் 'சராசர்' என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முழுவதும் என்று பொருள். 'சர்' என்பது தலை. வசூல், ஜமாபந்தி, தாசில் போன்ற வருவாய்க் கணக்குச் சொற்களைப் போலவே 'சராசரி'யும் உருது வழியாகத் தமிழில் ஊன்றியது.

முழுவதும் என்ற பொருளே நெருடுகிறது. சராசரி எடுக்கும்போது ஒரு கட்டம் காலியாக இருந்தால்? ஐந்து தறிகளின் மாதக் கணக்கில் 2, 3, வெற்றிடம், 3, 4 சேலைகள் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தைப் பூச்சியமாக்கினால் சராசரி 2.4, விட்டுவிட்டு நான்கால் வகுத்தால் 3. மழைநீர் புகுந்து குழித்தறி நின்றிருந்தால் பூச்சியம்தான் உண்மை. நெசவாளர் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால், பூச்சியம் அவர் உழைப்பையே அழித்துவிடும்.

எக்செல் காலிக் கட்டத்தைக் கேட்காமலே தாண்டிச் செல்கிறது, பைத்தான் மொழியின் பாண்டாஸும் அப்படியே. ஆர் மொழியில் நெடுவரிசைகளின் சராசரியைத் தரும் 'கால்மீன்ஸ்' கட்டளையோ, ஒரு விடுபடல் இருந்தாலும் அந்த நெடுவரிசைக்கு விடை தர மறுத்து 'என்ஏ' (மதிப்பு இல்லை) என்கிறது. விட்டுவிடச் சொல்லி நாமே 'என்ஏ.ஆர்எம்' என்ற அமைப்பை 'ட்ரூ' (ஆம்) ஆக்க வேண்டும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். எத்தனை தறிகளை வைத்து வகுத்தோம் என்பதையும் விடைக்குப் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.