மெட்ரோபோலிஸ்: ஒரு மௌனப் படம் பதிப்பிக்கப்பட்ட வரலாறு

1927 ஜனவரி 10 அன்று பெர்லின் நகரில் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ 4,189 மீட்டர் நீளமுடைய படமாக இருந்தது. வானளாவிய நகரம், நிலத்தடியில் தொழிலாளர் குடியிருப்பு, பெண்ணுருக் கொண்ட இயந்திரம் எனப் பிற்கால அறிவியல் புனைவுப் படங்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட காட்சிகள் பலவற்றுக்கு அதுவே மூலம். அந்த மூலம் அவ்வாண்டிலேயே சிதைந்தது. ஜெர்மனியில் ஊஃபா நிறுவனம் தன் படத்தைத் தானே 3,241 மீட்டராகக் குறைத்தது. அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக நாடகாசிரியர் சானிங் போலக் அதை வேறொரு விதமாக வெட்டினார். இன்று நாம் வீட்டில் ப்ளூரே வட்டில் காணும் ‘மெட்ரோபோலிஸ்’ இச்சிதைவுகளிலிருந்து மீட்டுக் கட்டப்பட்ட ஒன்று. அம்மீட்பைத் தொழில்நுட்பச் சாதனையாகச் சொல்வோர் பலர். மொழியியல் பயின்ற எனக்கு அது ஒரு பதிப்பு வரலாறாகவே படுகிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்கும் நம் மரபின் கண்கொண்டு அதை நோக்கினால், நம் சொந்த மௌனப் படங்கள் விஷயத்தில் நாம் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறோம் என்பதும் தெரியவருகிறது.

போலக்கின் வெட்டில் மொழி மாணவர் எவரும் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மூலக்கதையில் ஹெல் என்றொரு பெண் வருகிறாள். வருகிறாள் என்பதைவிட, இல்லாமலே கதையை நடத்துகிறாள் என்பது பொருந்தும். நகரை ஆளும் யோ ஃபிரெடர்சனின் மனைவி அவள். நாயகன் ஃபிரெடரைப் பெற்றபோது இறந்தவள். அறிவியலாளன் ரோட்வாங் அவளைக் காதலித்து இழந்தவன். அவளை மறுபடி உண்டாக்கும் வேட்கையில்தான் இயந்திரப் பெண்ணைச் செய்கிறான். அவன் வீட்டில் அவளுக்கு மாபெரும் கற்சிலை நிற்கிறது. இப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைச் சுட்டும் சொல்லோடு ஒலியொத்திருக்கிறது என்பதால் போலக் ஹெல்லையே படத்திலிருந்து நீக்கினார். சிலை போயிற்று, இரு ஆடவரின் பகைக்கான காரணம் போயிற்று, ரோட்வாங்கின் படைப்பு, தொழிலாளிக்குப் பதிலியாகச் செய்யப்பட்ட கருவியாகச் சுருங்கிற்று. இருமொழி ஒலியொப்புமை ஒன்று ஒரு கதைமாந்தரின் உளநோக்கத்தையே அழித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. வெட்டுண்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு ரோட்வாங்கின் செயல்கள் காரணமற்ற பித்தாகத் தோன்றியிருந்தால் அது கதையின் குறையன்று, பாடச் சிதைவு.

மௌனப் படத்தில் உரையாடலும் விளக்கமும் எழுத்தட்டைகளாக இடையிடையே வரும். டைட்டில் கார்டு என்று நம் பழைய திரைத்துறையினர் சொன்னவை. லாங்கின் படத்தில் இவ்வட்டைகளும் காட்சியின் உறுப்புகள். தொழிலாளர் நகரம் பூமிக்கடியில் இருப்பதைச் சொல்லும் வரிகள் திரையில் கீழ்நோக்கி இறங்குகின்றன. ‘பாபேல்’ என்னும் சொல்லின் எழுத்துகளிலிருந்து குருதி வடிகிறது. 1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜோ மொரோடர் அப்படத்தை வண்ணமேற்றி, பாப் பாடல்கள் சேர்த்து வெளியிட்டபோது, அட்டைகளை எடுத்துவிட்டு வரிகளைப் படத்தின் அடியில் இட்டார். படம் வேகமாக ஓடியது. எழுத்து இறங்கியதும் வடிந்ததும் மறைந்தன. மொரோடரைப் பழிப்பது இன்று எளிது. ஒரு தலைமுறை இளைஞரை இப்படத்தின் பக்கம் திருப்பியதும் அவரே என்பதை மறுப்பதற்கில்லை.

அதே பத்தாண்டில் மூனிச் திரைப்பட அருங்காட்சியகத்தில் என்னோ படாலஸ் வேறு வழியில் உழைத்துக்கொண்டிருந்தார். இழந்த காட்சிகளைத் தேடி அவர் போன இடம் காகிதம். பெர்லின் தணிக்கை அலுவலகம் படத்தின் எழுத்தட்டைகள் அனைத்தையும் வரிசை பிறழாமல் பதிவுசெய்து வைத்திருந்தது. காட்ஃபிரீட் ஹூப்பெர்ட்ஸ் அமைத்த இசைக்குறிப்பில், எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று காட்டும் குறிப்புகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. தேயா ஃபான் ஹார்பூ எழுதிய திரைக்கதையும் படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்களும் கிடைத்தன. தணிக்கை அதிகாரி சொற்களைத் தந்தார். இசையமைப்பாளர் வரிசையையும் கால அளவையும் தந்தார். நூல் அழிந்துபோனாலும் உரைகாரர் எடுத்துக்காட்டிய மேற்கோள்களிலிருந்து அதன் உருவத்தை ஊகிக்கும் தமிழ்ப் புலமை மரபை அறிந்தவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

1927இல் இப்படத்துக்கு ஒரே மூலம் இருந்ததென்று சொல்வதும் சரியன்று. உள்நாட்டுக்கு ஒன்று, பாரமவுண்டுக்கு ஒன்று, பிற நாடுகளுக்கு ஒன்று என மூன்று நெகட்டிவ்கள் உண்டாக்கப்பட்டன. ஒரே காட்சியின் வெவ்வேறு எடுப்புகளும், வெவ்வேறு கேமராக்கள் பிடித்த கோணங்களும் அவற்றில் இடம்பெற்றன. உலகெங்கும் மிஞ்சிய பிரதிகள் இம்மூன்றின் வழித்தோன்றல்கள். சுவடிக் குடும்பம் என்று நாம் வகுப்பதுபோல அவற்றையும் வகுக்க வேண்டியிருந்தது. மார்ட்டின் கோயர்பெர் முன்னின்று முர்னாவ் அறக்கட்டளைக்காகச் செய்த 2001ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வேலையைச் செய்தது. அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அப்பதிப்பில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. காட்சி கிடைக்காத இடங்களில், இங்கே இன்னது நிகழ்ந்தது என்று வேறு எழுத்துருவில் ஒரு குறிப்பு வரும். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்காமையை எண்ணை விட்டுவைத்தே நமக்கு உணர்த்துகிறார்கள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை என்பது வெளிப்படை. இல்லாததை இல்லை என்று காட்டும் அப்பண்பு இங்கும் செயற்பட்டிருக்கிறது.

பிறகுதான் புவனோஸ் அயர்ஸ். வெட்டுப்படாத நீண்ட படத்தின் பிரதி ஒன்றை விநியோகஸ்தர் அடோல்ஃபோ வில்சன் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோயிருந்தார். திரை விமரிசகர் மானுவேல் பேன்யா ரோத்ரீகெஸ் அதைச் சேகரித்து வைத்தார். பின்னர் அது அரசின் கலை நிதியத்தின் கைக்கு வந்தது. நைட்ரேட் சுருள் தீப்பற்றும் என்ற அச்சத்தில் 16 மி.மீ. நெகட்டிவாகச் சுருக்கப்பட்டது, மூலச்சுருள் ஒழிந்தது. 1992இல் அச்சிறு சுருள்கள் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தை அடைந்தன. அங்கே அவை ஒளித்துவைக்கப்படவில்லை. ‘மெட்ரோபோலிஸ்’ என்று பெயர் எழுதித்தான் கிடந்தன. எல்லா ஊரிலும் உள்ள படம்தானே என்று எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. துப்பு வேறிடத்திலிருந்து வந்தது. திரைப்படக் கழகம் ஒன்றை நடத்திய முதியவர் ஒருவர், முன்னொரு காலத்தில் அப்படத்தை ஓட்டியபோது இயந்திரத்தில் சுருளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதாகச் சொல்லியிருந்தார். திரைப்பட ஆய்வாளர் பெர்னாண்டோ மார்ட்டின் பேன்யாவுக்கு அந்த நேரக் கணக்கு உறுத்தியது. தெரிந்த பிரதி எதுவும் அவ்வளவு நேரம் ஓடாது. 2008இல் பவுலா ஃபெலிக்ஸ்-டிடியே அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்ததும் இருவரும் டப்பாக்களைத் திறந்தனர்.

கிடைத்தது ஏறத்தாழ 25 நிமிடக் காட்சி. தேய்ந்த பிரதியிலிருந்து சுருக்கியது என்பதால் மூலத்தின் கீறல்கள் நெகட்டிவிலேயே படிந்துவிட்டிருந்தன; சட்டகத்தின் ஓரமும் வெட்டுண்டிருந்தது. நியூசிலாந்தில் 2005இல் ஆஸ்திரேலிய வரலாற்றாய்வாளர் மைக்கேல் ஆர்கன் அடையாளம் கண்ட இன்னொரு பிரதியும் சில இடங்களை நிரப்ப உதவியது. 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினிலும் ஃபிராங்பர்ட்டிலும் ஒரே இரவில் ஹூப்பெர்ட்ஸின் இசையோடு படம் திரையேறியது. அவ்வாண்டு நவம்பரில் வீட்டு வெளியீடாக டிவிடியிலும் ப்ளூரேயிலும் வந்தது. துறவியின் பிரசங்கம், ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் கைகலக்கும் காட்சி முதலியன இன்னும் இல்லை.

இவ்வட்டைப் பார்ப்பவர் உடனே கவனிப்பது, பளிங்குபோன்ற காட்சிக்கு நடுவே திடீரென மழை பெய்வதுபோல் கோடுகள் விழுவதும், சட்டகம் ஓரம் கறுத்துச் சுருங்குவதும்தான். கணினியால் இன்னும் துடைத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டதுண்டு. ஓரளவு துடைத்த பிறகும் எஞ்சியவை அவை. எனக்கோ அவை எஞ்சியதே நன்று. எது எந்தப் பிரதியின் பாடம் என்பதைக் கண்ணே பிரித்தறிகிறது, அடிக்குறிப்பு வேண்டியதில்லை. வீட்டு வெளியீட்டை வணிகச் சரக்காக மட்டும் கருதும் ஆய்வாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரங்கில் ஓடி மறையும் படம், வட்டில் நிறுத்தவும் திருப்பவும் ஒப்பிடவும் இடந்தரும் நூலாகிறது. ஏடு அச்சேறியபோது தமிழ்க் கல்விக்கு நேர்ந்தது இங்கே படத்துக்கு நேர்ந்திருக்கிறது.

பெயர் எழுதியிருந்தும் இன்னதென அறியப்படாமல் கிடப்பது திருப்பதியில் இருப்பவருக்கு வியப்பளிக்கக் கூடாது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் கீர்த்தனைகளைத் தாங்கிய செப்பேடுகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஓர் அறையில் நூற்றாண்டுகளாகக் கிடந்தன. 1922இல் சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றை வெளிக்கொணர்ந்தார். அவர் கோயில் கல்வெட்டுகளைப் படித்துத் தேர்ந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அக்கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ் என்பது தனிக்கதை. புவனோஸ் அயர்ஸில் நேரக் கணக்கு தெரிந்தவர் கேட்டதுபோல, இங்கே எழுத்தும் காலமும் தெரிந்தவர் திறந்து பார்த்தார்.

நம் மௌனப் படங்களுக்கு அப்படித் திறக்க அறை இருக்கிறதா? தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ 1917–18 அளவில் வந்தது. எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூர்க்காரர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை வேலூரும் சித்தூரும் திருப்பதியும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். அதன் தலைநகரம் சித்தூர். ஆகவே அப்படத்தை இப்பகுதியின் சொத்து என்று உரிமை கொண்டாடினால் தவறில்லை. அதன் அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி என மும்மொழியில் இருந்தன. இந்தி வாசகங்களைக் காந்தியின் மகன் தேவதாஸ் எழுதினார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அக்காலக் கொட்டகைகளில் எழுத்தறிந்தவர் அட்டையை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுப் படம் பார்த்தனர். இருமொழி எல்லைப் பகுதியின் பேச்சு வரலாற்றை ஆராய்பவருக்கு அவ்வட்டைகளின் ஒரு வரி கிடைத்தாலும் பொன். படம் இல்லை, வரியும் இல்லை.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் பல துண்டுகள். நைட்ரேட் தானாகச் சிதைந்தது, தீப்பற்றியது, வெள்ளிக்காக உரிக்கப்பட்டது. தெற்கே தப்பியவற்றுள் முதன்மையானது 1933இன் ‘மார்த்தாண்ட வர்மா’. அது தப்பிய விதம் விநோதமானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கியதில் பதிப்புரிமை வழக்கு எழுந்தது; படச்சுருள் நாவலை வெளியிட்ட திருவனந்தபுரம் புத்தகக் கடையின் வசம் போயிற்று. ஓட முடியாமற்போனதால் தேயாமல் கிடந்தது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் அதை மீட்டார். வழக்கு ஒரு படத்தைக் கொன்று காப்பாற்றியது.

இனியொரு சுருள் எங்கேனும் தென்பட்டால் அதை அறிந்துகொள்ளப் போதிய காகிதம் நம்மிடம் உண்டா என்பதே என் கவலை. முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. அதன்பின் காட்டப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் சான்றிதழ் வேண்டியிருந்தது. ‘மெட்ரோபோலிஸ்’ வெளியான அதே 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன்முன் அளிக்கப்பட்ட சாட்சியங்கள் நான்கு தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. ராஜா சாண்டோவின் ‘அனாதைப் பெண்’ படம் அழிந்தாலும் அதற்கு அடிப்படையான வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல் உண்டு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இத்தகைய சான்றுகளைக் கொண்டே நம் மௌனக் காலத்தை எழுதினர். ஆனால் மாவட்ட அளவில், கொட்டகை கொட்டகையாக, இவ்வேலை நடக்கவில்லை.

சித்தூர், புத்தூர், திருப்பதி, காளத்தி, குப்பம் பகுதிகளில் பழைய கொட்டகை நடத்திய குடும்பங்களை அறிந்தோர் இப்பதிவைப் படித்தால் ஒரு வேண்டுகோள். துண்டறிக்கை, உரிமக் காகிதம், விநியோகஸ்தர் கடிதம், சுருள் வந்துபோன ரயில்வே பார்சல் ரசீது, எதுவாயினும் எடைக்குப் போடுமுன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். படத்தின் நீளம் அடிக்கணக்கில் குறித்திருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் எடுங்கள்.