கூவத்துக்குள் ஏன் தூண் நட்டார்கள்?



அமைந்தகரைப் பக்கம் வந்துபோன பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "டீச்சர், ரோட்டை அகலப்படுத்தாம ஆத்துக்குள்ள போய் எதுக்குத் தூணை நட்டாங்க?" பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை, அதாவது இன்றைய ஈ.வெ.ரா. பெரியார் சாலை, சென்னைக்கு மேற்கு வாசல் மாதிரி. சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி எல்லாம் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆபீஸ் நேரத்தில் அங்கே பஸ்ஸில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அகலப்படுத்த வேண்டுமென்றால் எதை இடிப்பது? ஆஸ்பத்திரியையா, கல்லூரியையா? அதனால்தான் மெட்ரோ ரயிலே தரைக்கடியில் போனது. நேரு பூங்காவிலிருந்து கோயம்பேடு வரை 2017 மே மாதம் ஓடத் தொடங்கியது.

சாலைக்குத் தெற்கே கூவம் வளைந்து வளைந்து கூடவே வருகிறது. வீடில்லை, பட்டா இல்லை, கேட்பாரும் இல்லை. திட்டம் போடுகிறவர் கண்ணுக்கு அது காலி மனை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்திச் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோது கூவத்தின் வளைவில்தான் இடம் பார்த்தார்கள். வள்ளல் பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் இந்த ஆற்றில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். நகரம் பெருத்தது, சாக்கடையை ஆற்றில் விட்டோம், பிறகு ஆற்றையே சாக்கடை என்றோம். அண்ணா முதல்வராக இருந்தபோது சீரமைப்புத் திட்டம் வந்தது. படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டார்கள், நீடிக்கவில்லை. தண்ணீர்மேல் தூண் நடுவதும் இங்கே புதிதல்ல. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டுத்தான் பறக்கும் ரயில் விட்டோம். அங்கே பழகிய கை.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர். பெரும்பகுதி கூவத்தின் ஓரமாக. துறைமுக லாரிகள் ஊருக்குள் நுழையாமல் போய்விடும் என்பது கணக்கு. 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் ஆற்றின் நீரோட்டத்தை மறிக்கின்றன என்றது. உயர் நீதிமன்றம் 2014-ல் அந்தத் தடையை ரத்து செய்தும் வேலை நகரவில்லை. சூளைமேட்டிலும் சேத்துப்பட்டிலும் தூண்கள் தலையில் பாரமில்லாமல் பத்து வருடம் நின்றன. (நம் குடும்பத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு. சண்டையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.) நீரோட்டம் பற்றிச் சொன்ன காரணம் சரியானதுதான் என்று நினைக்கிறேன். அதை முதல் தூண் இறங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது இரண்டு அடுக்கு: மேலே துறைமுக லாரி, கீழே ஊர் வண்டிகள். சுமார் 1,800 கோடி ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 5,800 கோடியைத் தாண்டிவிட்டது. பழைய தூண்களில் சிலவற்றை இடிக்கவும் வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. கேட்பாரில்லாத ஆற்றின் கரையில்தான் கேட்பாரில்லாத குடும்பங்களும் இருந்தன. 2010-ஐ ஒட்டி அவர்களைக் கண்ணகி நகர்ப் பக்கம் ஏற்றிப் போனார்கள். என் ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பருவத்தின் நடுவில் வரிசையாகப் பெயர்கள் நின்றுபோயின. வாய்ப்பாடு பதினாறு வரை வந்திருந்தோம். சில பிள்ளைகள் விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள். முதல் மணி அடிக்கும்போது பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவார்கள், நான் எழுப்பமாட்டேன். அப்புறம் அவர்களும் நின்றுவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க எல்லோரும் வரவில்லை. எத்தனை பேர் அங்கே வேறு பள்ளியில் சேர்ந்தார்கள் என்று எந்தத் தாளும் என் கைக்கு வரவில்லை. அவர்களை அனுப்பிக் காலி செய்த இடத்தில் பத்து வருடம் எந்தச் சாலையும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், கீழே உங்கள் பெயரையும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் கண்ணுகளா. இனிஷியலோடு எழுதுங்கள். இரண்டு செல்வி இருந்தீர்கள்.