கூறு போட்ட கறியும் கடைக் கறியும்



திருவிழா வந்தால் ஊர்த் திண்ணையில் ஒரு பேச்சு கிளம்பும். கறியை நாமே அறுத்துக் கூறு போடுவது நல்லதா, கசாப்புக் கடையில் வாங்குவது நல்லதா? இதுக்குப் பதில் சொல்ல, பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். அந்த ஊருக்குப் போகும் வழியில் எயினர் என்ற வேட்டுவர் குடிசைகள் வருகின்றன. பிள்ளை பெற்றவள் மான் தோலில் படுத்திருக்கிறாள். புல்லரிசிச் சோற்றோடு காய்ந்த இறைச்சி சாப்பாடு. நம்ம உப்புக்கண்டம் மாதிரிதான். காட்டில் கடை ஏது? பிடித்தவர்களே அறுத்து, காயவைத்துத் தின்றிருப்பார்கள்.

காடு கழனியாச்சு. மான் போய் ஆடு வந்தது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடா வாங்குவார்கள். ஒவ்வொரு கூறிலும் சதை, எலும்பு, ஈரல் சமமாக விழும். தலை, கால், குடல், ரத்தம் எதுவும் வீணில்லை. நம் கண்ணெதிரே மேய்ந்த ஆடு என்ற நம்பிக்கையும் உண்டு.

டவுனில் ஜனம் பெருகியது. காஞ்சிபுரம் 1866இல் நகராட்சியானது. 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் ஆட்டுத்தொட்டிக்கு விதிகள் வந்தன. அறுக்கும் முன்னும் பின்னும் டாக்டர் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தொட்டியின் பயன். அந்தக் கண் நம் களத்து மேட்டில் இல்லை.

அதனால் பங்குக் கறி போடுகிறவர்கள் மூன்றை மறக்காதீர்கள்.

ஒன்று: திடீரென்று செத்த ஆட்டை அறுக்கவே கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். அறுத்தால் கிருமி மண்ணில் இறங்கிப் பல பத்தாண்டு கிடக்கும். கால்நடை டாக்டருக்குச் சொல்லிவிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

இரண்டு: ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் நாய்க்கு வீசாதீர்கள். நாய் வயிற்றில் அது நாடாப்புழுவாகும். நாயின் மலத்திலிருந்து முட்டை நம் பிள்ளைகள் வயிற்றுக்குப் போய், அவர்கள் ஈரலில் கட்டி வளரும். எரியுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள்.

மூன்று: மான். பயிரை மேய்ந்தாலும், நாய் கடித்துச் செத்தாலும், கிணற்றில் விழுந்து செத்தாலும் அதில் கத்தி வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி செத்த மானும் சர்க்கார் சொத்து. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்ல வேண்டும். ஒரு கூறு கறிக்காக ஜெயிலுக்குப் போகலாமா?

கடைக் கறியா, கூறுக் கறியா என்று சண்டை வேண்டாம். கூறு போடுங்கள், பழைய ஒற்றுமை அதில் இருக்கிறது. கத்தி எடுக்கும் முன் ஆட்டை டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.